பாறையை உடைக்க வேண்டாம், மார்பிளைக் குறைக்கலாம்: ஒரு மாந்தோப்பு வீட்டுக்கு ஆலோசனை

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் எங்கள் மாந்தோப்புக்குள்ளேயே வீடு கட்டுகிறோம். கீழும் மாடியுமாக 4,200 சதுர அடி. சுவர் எழும்பி லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் சட்டம்) போட்டாயிற்று. உள் அலங்காரத்துக்குப் பெங்களூர் டிசைனர் ஒருவரைப் பேசியிருக்கிறோம். இத்தாலி மார்பிள் தரை, தங்க நிற ஸ்டீல் பட்டைகள், ஹாலில் பாலித் தீவு ஓட்டல் மாதிரி ஒரு சுவர் என்று 3டி படங்கள் தந்தார். என் மாமனார் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எந்த ஊரு லாட்ஜு?" என்று கேட்டார். நம்ம ஊர் அடையாளம் தெரிய வேண்டும் என்று என் கணவர் சொன்னதும் டிசைனர் செட்டிநாட்டுத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், ஒகேனக்கல் பரிசலைக் கவிழ்த்துத் தொங்கவிடும் விளக்கு, ஹாலில் நிறுத்த ஒரு பழைய நடுகல் என்று வேறொரு பட்டியல் தந்தார். மனையின் தென்மேற்கில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை இருக்கிறது, அதை உடைத்தால் இரண்டு கார் நிறுத்தலாம் என்கிறார்கள். செலவைப் பற்றிக் கவலைப்படவில்லை. வீடு ஆடம்பரமாகவும் இருக்க வேண்டும், நம் வீடாகவும் இருக்க வேண்டும். எப்படிச் செய்வது?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

வணக்கம் சகோதரி.

உங்கள் மாமனார் கேட்டது சரியான கேள்வி. அதை ஒதுக்கிவிடாமல் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. நிறையச் செலவு செய்து கட்டின வீட்டுக்குள் நின்றால் அது கிருஷ்ணகிரியா துபாயா என்று தெரியாமல் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது, ஏனென்றால் எல்லோரும் பார்க்கிற படங்களும் ஒன்றே, பொருள் எடுக்கிற கேட்டலாக்கும் ஒன்றே.

ஆனால் டிசைனர் இரண்டாவதாகக் கொடுத்த பட்டியலும் எனக்குச் சரியாகப் படவில்லை. செட்டிநாட்டு வீடுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, அந்த டைல்ஸ் ஆத்தங்குடி மணலைச் சிமெண்டோடு சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் எடுப்பது, அந்த முற்றம் அந்தச் சீமை வெயிலுக்கும் அந்தக் குடும்பங்களின் கல்யாணக் கூட்டத்துக்கும் ஏற்ப வந்தது. நம் ஊருக்கு அதில் பங்கு இல்லை. ராயக்கோட்டை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் பாலிச் சுவர் அளவுக்கே அதுவும் வெளியூர்தான், தமிழ்நாட்டுக்குள் இருந்து வருவதால் நம் கண்ணுக்கு அது சட்டென்று தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள். பாறை, மாமரம், புளியமரம், கேழ்வரகுக் கொல்லை, செம்மண், மதியத்தில் கண் கூசும் வெளிச்சம், மார்கழி விடியலில் காலை ஜில்லிட வைக்கும் தரை. இந்த ஊரை ஹாலில் பொம்மையாக நிறுத்திக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊர் எதனால் ஆகியிருக்கிறதோ அதைக் கொண்டு வீட்டைச் செய்யுங்கள், நீங்கள் இங்கே எப்படிச் சமைத்து, உட்கார்ந்து, பழம் பழுக்க வைத்து வாழ்கிறீர்களோ அதற்கு வீட்டை ஏற்றதாக்குங்கள். பணத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போகட்டும். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு யோசனையின் விவரங்கள்தான்.

முதலில் பாறை. தயவுசெய்து உடைக்காதீர்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கிற இந்தப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு விலை கொடுத்து எதை இறக்கினாலும், உங்கள் மனையில் சும்மா கிடக்கிற அந்தக் கல்லின் பக்கத்தில் அது நிற்காது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலமா என்று ஒரு ஓட்டல் இருக்கிறது, ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1990-களில் வடிவமைத்தது. குன்றை ஒட்டியே கட்டடம் ஓடுகிறது, மலைப்பாறை அப்படியே உள்ளே தாழ்வாரத்துக்குள் நுழைகிறது, அதை யாரும் செதுக்கவும் இல்லை மறைக்கவும் இல்லை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் காசு கொடுத்துப் போய்த் தங்குகிற இடம் அது. அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கார் நிறுத்த வேறு இடம் கிடைக்கும். போதாததற்கு, புதிதாக எழும்பின சுவருக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் அதிர்ச்சியில் விரிசல் விழ வாய்ப்புண்டு. வாஸ்து பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் நல்ல செய்திதான், தென்மேற்கில் கனம் இருப்பதை அவர்கள் நல்லது என்றே சொல்வார்கள்.

பாறையை என்ன செய்வது என்றால், ஹாலிலிருந்தோ சாப்பாட்டு அறையிலிருந்தோ அதைப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு பெரிய ஜன்னல் வையுங்கள், அந்தச் சுவரில் வேறு படமோ அலமாரியோ வேண்டாம். மாலை வெயிலை வாங்கிச் சூடேறுகிற பாறை ராத்திரி வரை அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், ஜன்னலுக்கும் பாறைக்கும் நடுவே சில அடி இடைவெளியும், வெயில் மேலே விழாமல் நிழல் தர ஒரு மாமரமோ புங்கமரமோ இருக்க வேண்டும். மழை பெய்தால் பாறை மேல் விழுகிற தண்ணீர் எல்லாம் ஒரு பக்கமாக வழிந்து ஓடிவரும், அது அஸ்திவாரத்துக்கு வராமல் இருக்க அடியில் கூழாங்கல் போட்ட ஒரு வாய்க்கால் வெட்டி, வழிகிற நீரைத் தோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பாம்பு பயம் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள், நியாயமான பயம்தான். பாறை இடுக்குகளைச் சல்லியும் கலவையும் வைத்து அடைத்து, சுற்றிலும் புதர் இல்லாமல் சுத்தமாக வைத்தால் போதும். ராத்திரிக்குக் கீழிருந்து பக்கவாட்டில் படுகிற மாதிரி இதமான மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்ன விளக்கு.

அடுத்தது தரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பட்ஜெட்டில் பெரிய பங்கு இங்கேதான் போகிறது, என் மனத்தாங்கலும் இங்கேதான். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் வெட்டி எடுக்கிற பாரடைசோ கிரானைட்டை வெளிநாட்டுக்காரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஊதாவும் சாம்பலும் பழுப்பும் ஒன்றோடொன்று அலை அலையாகப் புரண்டு கிடக்கும் கல் அது. பூமிக்கு அடியில் பழைய பாறை பாதி உருகிப் பிசைந்த மாதிரி ஆகி மறுபடி இறுகியதால் வந்த கோலம் அந்த அலைகள், அதனால் எந்த இரண்டு பலகையும் ஒரே மாதிரி இருக்காது. ஜெர்மனியில் அதைக் கல்லறைக் கல்லாகத் தேடி வாங்குகிறார்கள். நாம் மட்டும் அதை மாடிப்படிக்கும் கிச்சன் மேடைக்கும் போட்டுவிட்டு, ஹாலுக்கு இத்தாலியிலிருந்து இறக்குகிறோம். நம் ஊரில் கிடைப்பதால் அது மலிவு, மலிவு என்பதால் அது மட்டம் என்று மனசில் பதிந்துவிட்டது. அந்த நினைப்பை மட்டும் ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் ஒரு முழுப் பலகையைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

மார்பிளுக்கு எதிராக இன்னொரு காரணம், இது முழுக்க நடைமுறை சம்பந்தப்பட்டது. மார்பிள் என்பது அடிப்படையில் சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை, தயிர், மாங்காய் எது பட்டாலும் அந்தப் புளிப்பு மேல்தளத்தை அரித்து மங்கலான தடம் விட்டுவிடும். அது கறை கூட இல்லை, துடைத்தால் போவதற்கு. மறுபடி ஆள் வைத்துத் தேய்த்துப் பாலீஷ் போட்டால்தான் போகும். புளியும் மாங்காயும் வண்டி வண்டியாக விளைகிற மாவட்டத்தில், அதுவும் மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிற வீட்டில், சித்திரை தொடங்கி ஆடி வரை கூடை கூடையாகப் பழம் உள்ளே வரப்போகிற வீட்டில், தரை முழுக்க மார்பிள் போட்டால் நீங்கள் நாள் முழுக்க பிள்ளைகளையும் வேலைக்கு வருகிறவர்களையும் பார்த்து "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கிரானைட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. மார்பிள் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் பூஜை அறையிலோ உங்கள் உடை மாற்றும் அறையிலோ போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அது பல வருஷம் அழகாக இருக்கும்.

கிரானைட் என்றதும் பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னும் தரைதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அந்தப் பளபளப்புதான் கல்லைக் கல்யாண மண்டபத் தரையாக்குகிறது. ஹாலுக்குப் பாலீஷ் குறைத்த லெதர் பினிஷ் கேளுங்கள், கை வைத்தால் மெத்தென்று இருக்கும், மதிய வெளிச்சம் பட்டுக் கண்ணைக் குத்தாது, வயசானவர்கள் ஈரக்காலோடு நடந்தாலும் வழுக்குவது குறைவு. வெளித் திண்ணைக்கும் படிக்கும் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல் போடுங்கள். வாசலில் கோலம் போடுகிற இடத்துக்கு மட்டும் அடர்ந்த கறுப்புக் கல், அதுவும் உளியால் மெல்லக் கொத்தியது. பாலீஷ் போட்ட கல்லில் கோலமாவு நிற்காமல் காற்றில் பறந்துவிடும், கொத்தின கல்லில் மாவு பிடித்து உட்கார்ந்து வெள்ளையாக எடுப்பாகத் தெரியும். கறுப்புக் கல்லும் வெளியே தேட வேண்டாம், பக்கத்தில் தருமபுரி மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

ஆடம்பரம் எங்கே வர வேண்டும் என்றால், கல்லின் கனத்திலும் கைவேலையிலும். இருபது மில்லிமீட்டர் பலகையை எல்லா வீட்டிலும் ஒட்டுகிறார்கள். நீங்கள் ஹாலில் சோபாவுக்கு எதிரே, பாறை தெரிகிற ஜன்னலுக்கு அடியில், எட்டடி நீளம் இரண்டடி அகலத்தில் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே கல்லில் ஒரு பெஞ்சு போடுங்கள். விளிம்பை மட்டும் கைக்கு இதமாக உருட்டி, மேல்புறம் வழுவழுப்பாக, பக்கவாட்டில் உளி பட்ட தடம் அப்படியே தெரிகிற மாதிரி. நம் பக்கத்துக் கொல்லைகளில் வேலிக்கு நட்டிருக்கிற கல் கம்பமும், மரத்தடியில் இரண்டு கல் மேல் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து பேசுகிற இடமும் இதே வேலைதான், செதுக்கல் பூவேலை எதுவும் இல்லாமல் கல்லைக் கல்லாகவே நிறுத்துவது. இந்த பெஞ்சு மட்டும் ஏறத்தாழ 400 கிலோ வரும், அதனால் மாடியில் வைப்பதாக இருந்தால் இன்ஜினியரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். சுவரில் கல் பதிக்கிறீர்கள் என்றால் அதுவும் சதுர அடிக்கு ஐந்து கிலோ கனம், உயரமான சுவரில் வெறும் பசையை நம்பாமல் ஸ்டீல் கிளாம்பு போடச் சொல்லுங்கள்.

சுவிட்சர்லாந்தில் வால்ஸ் என்ற மலைக்கிராமத்தில் பீட்டர் ஸூம்தோர் 1996-இல் கட்டி முடித்த வெந்நீர்க் குளியல் மாளிகை ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே எடுத்த குவார்ட்சைட் கல்லைச் சுமார் 60,000 பலகைகளாக அறுத்து அடுக்கியே அதைக் கட்டினார்கள். அந்த மலையின் கல், அந்த மலையின் தண்ணீர், வெளிச்சம், இவ்வளவுதான் உள்ளே. உங்கள் டிசைனரிடம் இந்த இரண்டு கட்டடங்களின் பெயரையும் சொல்லுங்கள், அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் அவருக்கு உடனே புரிந்துவிடும். அவரை மாற்ற வேண்டியதில்லை. இதுவரை உங்கள் ஊரைப் பார்க்காமலேயே படம் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கல் எடுக்கப் போகும்போது டிசைனரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வருவார். ஒரே பிளாக்கில் அறுத்த பலகைகளாக, வரிசை எண் மாறாமல் ஹாலுக்கு மொத்தமாக எடுக்க வேண்டும், பிறகு போதவில்லை என்று போனால் அதே அலை கிடைக்காது. பலகையை நனைத்து, காயும்போது பாருங்கள், மற்ற இடம் காய்ந்த பிறகும் கோடாக ஈரம் நிற்கிற இடத்தில் விரிசல் இருக்கும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் இரும்புச் சத்து, பிறகு துருக்கறையாக வளரலாம். ஒட்டுவதற்கு முன் எல்லாப் பலகையையும் தரையில் உலர்வாகப் பரப்பி, அலைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து எண் போடச் சொல்லுங்கள், இதற்கு அரை நாள் ஆகும், அந்த அரை நாளில்தான் சாதாரணத் தரைக்கும் உங்கள் தரைக்கும் வித்தியாசம் வருகிறது. இன்னொன்று, உங்கள் வீட்டுக்குள் கல் அறுக்கிறவர்கள் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, முகத்தில் சரியான மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்று நீங்களே நின்று பாருங்கள். கிரானைட் தூசி நுரையீரலில் தங்கினால் போகாது, சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது. அதற்கு ஆகிற சின்னச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சமையலறைக்கு வருகிறேன். 3டி படத்தில் அது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, ஐலேண்டு கவுண்டர், மேலே மூன்று தொங்கு விளக்கு. ஐலேண்டு இருக்கட்டும். உங்கள் வீட்டில் களி கிண்டுவீர்களா? மாமனார் மாமியார் இருக்கிற கிருஷ்ணகிரி வீட்டில் கிண்டாமல் இருக்க மாட்டீர்கள். 34, 36 அங்குல உயர மேடையில் அதற்கு மேல் அடுப்பு, அதற்கு மேல் பாத்திரம் வைத்து ராகி மாவைத் துடுப்பால் கிண்டிப் பார்த்திருக்கிறீர்களா, தோள்பட்டை கழன்றுவிடும், கை மேலே தூக்கியபடி இருப்பதால் பலமும் வராது. ஒரு ஓரத்தில் 26 அல்லது 28 அங்குல உயரத்துக்கு, உங்கள் உயரத்தையும் மாமியார் உயரத்தையும் அளந்து, கனமான கல்லில் ஒரு தாழ்ந்த மேடை போடுங்கள், அதில் பெரிய பர்னர், பின்னால் நல்ல வலுவான புகைபோக்கி, பக்கத்தில் உருண்டை பிடிக்க ஈரம் தாங்குகிற ஒரு கல் இடம். ஆட்டுக்கல்லும் திருகையும் வீட்டில் இருந்தால் அலங்காரத்துக்குச் செடி வைக்காமல், அரைக்கிற மாதிரி அந்த மேடைக்கு அடியிலேயே தரையில் பதித்து வையுங்கள். இந்த மூலை எந்த இதழிலும் படமாக வராது. வீட்டில் எல்லோரும் கூடுகிற இடம் இதுவாகத்தான் இருக்கப் போகிறது, அதனால் இங்கே மட்டும் செலவைக் குறைக்கவே வேண்டாம்.

அதே மாதிரி பின்பக்கத் தாழ்வாரம். பழம் இறங்குகிற மாதங்களில் கூடைகள் எங்கே இறங்கும், செந்தூராவும் மல்கோவாவும் எங்கே வைக்கோலில் பழுக்கும், உறவுக்காரர்களுக்கு எங்கே உட்கார்ந்து பிரித்துக் கட்டுவீர்கள் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். நேர் வெயில் படாத, காற்றோட்டமான ஒரு அறை, கல் பலகை அடுக்குகள், கழுவிவிடுகிற தரை, ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். பழுக்கிற மாம்பழ வாசனை அங்கிருந்து ஹாலுக்கு வருகிற மாதிரி கதவு வைத்தால் வாசனை மெழுகுவர்த்தி எதுவும் வேண்டியதில்லை.

மரம். தோப்பில் காய்ப்பு நின்ற கிழட்டு மரங்களை வெட்டப் போகிறீர்கள் என்றால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மா மரத்தில் நல்ல சாப்பாட்டு மேஜை வரும், அதன் ரேகையில் பொன்னிறமும் சாம்பலும் கலந்து ஓடும். ஆனால் பதப்படுத்தாமல் செய்தால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும், ஆகவே அறுத்த பலகையைப் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்கு வரும் வரை உலர்த்தி, அதன் பிறகுதான் தச்சரிடம் கொடுக்க வேண்டும். கதவு ஜன்னலுக்கு வேண்டாம், மழைக்கு அது தாங்காது, அங்கே தேக்கோ வேம்போ போடுங்கள். தாத்தா வைத்த மரத்தில் செய்த மேஜையில் பேரன் சாப்பிடுகிறான் என்பதை எந்த ஷோரூமிலும் வாங்க முடியாது.

தங்க நிறப் பட்டை வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உலோகம் வேண்டுமென்றால் கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்பு போடுங்கள், கைப்பிடி, மாடிக் கிராதி, விளக்குத் தாங்கி எல்லாமே. மெழுகு பூசிய கறுப்பு இரும்பு நம் சாம்பல் கல்லோடு அவ்வளவு நன்றாகச் சேரும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்ததே, அந்த மண்ணில் இருந்துகொண்டு இரும்பை மட்டமாக நினைக்க வேண்டாம்.

நிறங்களுக்கு மாந்தளிரைப் பாருங்கள். புதுத் துளிர் வரும்போது செம்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் வருமே, அது பாரடைசோ கல்லின் ஊதாவோடு அப்படியே பொருந்தும். சோபாத் துணி, ஒரே ஒரு படுக்கையறைச் சுவர், இவற்றுக்கு அந்த நிறம் போதும், மற்ற சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சின் வெள்ளை. வெள்ளை என்றால் டிஸ்டெம்பர் வெள்ளை இல்லை, கையால் தேய்த்து மழமழப்பாக்கிய சுண்ணாம்பு. விளக்கு எல்லாமே 2700லிருந்து 3000 கெல்வினுக்குள், அதாவது இதமான மஞ்சள் சாயலில் இருக்கட்டும், 6500 கெல்வின் வெள்ளை டியூப் வெளிச்சத்தில் கல்லும் மரமும் செத்துப் போய்த் தெரியும்.

கல் வீட்டில் எதிரொலி வரும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். டபுள் ஹைட் ஹால், அதாவது இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹால் என்றால் பேசுவதே புரியாது. துணியும் மரமும் மூங்கிலும்தான் அதற்கு மருந்து. பரிசல் பின்னுகிறவர்களின் கைவேலை இங்கே உண்மையாகவே பயன்படும்: பரிசலை விளக்காகத் தொங்கவிடாதீர்கள், அது ஆற்றில் ஆளை ஏற்றிப் போகிற ஓடம்; அதே மூங்கில் பின்னலைச் சட்டம் சட்டமாகச் செய்து தரச் சொல்லி, பூச்சி வராமல் பதப்படுத்தி, ஹாலின் மேல்தளத்தில் பதியுங்கள். சத்தம் அடங்கும், வெளிச்சமும் அதில் இதமாகப் படியும். தரைக்குப் பவானி ஜமக்காளம், ஈரோடு மாவட்டத்தில் நெய்வது. பட்டு வேண்டும் என்றால் நம் இரண்டு மாவட்டங்களும் பட்டுக்கூடு விளைகிற இடம், தருமபுரியில் பெரிய பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது; கட்டில் தலைமாட்டுக்கும் தலையணைக்கும் முரட்டுப் பட்டு அழகாக இருக்கும், மேற்கு ஜன்னல் திரைக்கு மட்டும் வேண்டாம், வெயில் பட்டால் இழை இற்றுப் போகும். அரூர் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட கைத்தையலை மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். நேரில் போய், உங்கள் மாந்தளிர் நிறத்துணியைக் கொடுத்து, அவர்கள் இஷ்டத்துக்குத் தையல் போடச் சொல்லி, அவர்கள் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குங்கள். நாலு திண்டு போதும். வீடு முழுக்க வேண்டாம்.

நடுகல் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசியாக வேண்டும். வாங்காதீர்கள், வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் இனி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆநிரை மீட்கப் போயும் ஊரைக் காக்கப் போயும் செத்தவனுக்கு அந்த ஊர் நட்ட கல் அது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனையோ ஊர்களில் இன்றைக்கும் அதை வேடியப்பனாக வைத்துப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். நூறு வருஷம் தாண்டிய சிற்பம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அதை விற்கிறவருக்கு உரிமம் வேண்டும், வைத்திருக்கிறவர் பதிவு செய்ய வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஏதோ ஒரு கிராமத்து எல்லையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கல் உங்கள் ஹாலில் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே நிற்க வேண்டாம். அந்தப் பணத்தை வைத்து, இப்போது வாழ்கிற ஒரு கல்தச்சரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டியோ கை கழுவும் தொட்டியோ, ஒரே கல்லைக் குடைந்து, அவர் பெயரை அடியில் அவரே வெட்டட்டும்.

மல்லப்பாடி, மகராஜகடைப் பக்கத்துப் பாறை ஓவியங்களைச் சுவரில் அச்சடிக்கலாமா என்று அடுத்ததாக உங்கள் டிசைனர் கேட்கக்கூடும். அதுவும் வேண்டாம். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது இரண்டுதான். பாறைப் பக்கத்து ஜன்னலைப் பெரிதாக்க வேண்டுமா என்று இந்த வாரமே இன்ஜினியரிடம் கேளுங்கள், லிண்டல் போட்டுவிட்டதால் அதற்குத் தனியாக உத்தரம் கணக்குப் போட வேண்டும், பூச்சு வேலை ஆரம்பித்த பிறகு கேட்டால் வீண் செலவு. இரண்டாவது, சமையலறைப் பிளம்பிங்குக்கு முன்னால் அந்தத் தாழ்ந்த மேடையின் இடத்தையும் உயரத்தையும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, மாமியாரை அங்கே நிற்க வைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்துப் பாருங்கள். மார்பிளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கடைக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள், கல் லாரியில் ஏறின பிறகு அவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.